எகிப்தியர் கல்லறையிற் பூத்த மலர்கள்

இறந்தோர்க்கு மலர் சூட்டும் வழக்கம் உலகின் பல நாடுகளிலும் உண்டு. அம்மலர் அன்றே வாடும், மறுநாட் சருகாகும். மனித வாழ்வும் காலையிற் பூத்து மாலையில் உதிர்வதே என்னுங் கருத்தை அது சொல்லாமற் சொல்லி நிற்கும். பண்டைய எகிப்தியர் இதற்கு நேர்மாறாக எண்ணினர். அவர்கள் இறந்தோர்க்கு அளித்த மலர் மீண்டும் உயிர்த்தலைக் குறித்து நின்றது. ஆதலால் மெய்யான மலரைச் சூட்டியதோடு அமையாது, வாடாத மலர்களைக் கல்லறைச் சுவர்களிலும் எழுதி வைத்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழிந்த பின்னும் அச்சுவர்களில் அல்லி அலர்ந்திருக்கின்றது, அத்தி பழுத்திருக்கின்றது, திராட்சைக் குலை தொங்குகின்றது, தானியக் கதிர் முற்றி அரிவாளை எதிர்நோக்கி நிற்கின்றது.

இவற்றை அவர்கள் எதற்காக எழுதினர்? அழகுக்காகவா? இறந்தவர் துய்த்த இன்பங்களை நினைவுகூர்தற்காகவா? அன்றி, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மறைபொருளை உணர்த்துகின்றதா? எகிப்தியக் கலையை ஆராய்வோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினாக்கள் இவை. எகிப்தியர் சாவையே எண்ணிச் சாவுக்காகவே வாழ்ந்தவர்கள் என்னுங் கூற்று உலகிற் பரவலாக உண்டு. அக்கூற்று மெய்யா என்பதும் இவ்வினாக்களின் விடையைப் பொறுத்ததேயாகும்.

விடை தேடுவோர் முதலில் நோக்கவேண்டியது அக்கல்லறைகள் அமைந்த நிலத்தை. எகிப்து முழுவதும் நைல் நதி ஒன்றினாலேயே உயிர் வாழும் நாடு. ஆண்டுதோறும் கோடையில் நதி பெருகி இரு கரையிலும் கரிய வண்டலைப் பரப்பும். 1970 ஆம் ஆண்டில் முடிவுற்ற அஸ்வான் உயர் அணை அப்பெருக்கைத் தடுத்து நிறுத்தும் வரை இதுவே நியதியாய் இருந்தது. வண்டல் படிந்த நிலத்தை எகிப்தியர் கரிய நிலம் என்றும், அதற்கு அப்பாலுள்ள பாலையைச் செந்நிலம் என்றும் அழைத்தனர். இரண்டுக்குமிடையே படிப்படியான மாற்றம் எதுவும் இல்லை. பயிர் முடியும் வரம்பிலேயே மணல் தொடங்கிவிடும். உயிருக்கும் உயிரின்மைக்கும் நடுவிலுள்ள எல்லையைக் கண்ணாற் காணக்கூடிய நாடு அது. கல்லறைகளோ அவ்வெல்லைக்கு அப்பால், புல்லும் முளையாத செந்நிலத்துப் பாறைகளிலே குடையப்பட்டன. எனவே கல்லறைச் சுவரில் ஒரு செடியை எழுதுதல் என்பது, கரிய நிலத்தைச் செந்நிலத்துக்குள்ளே கொண்டு செல்லும் முயற்சியாகும்.

இதனை மிகத் தெளிவாக விளக்கும் கல்லறை ஒன்று, பண்டைத் தீப்ஸ் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையிலுள்ள தெய்ர் எல்-மெதீனா என்னுமிடத்தில் 1886 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டது. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளர் வாழ்ந்த சிற்றூர் அது. அவர்களுள் ஒருவன் சென்னெஜெம். கி. மு. 13 ஆம் நூற்றாண்டில், முதலாம் சேத்தி, இரண்டாம் ராம்செஸ் ஆகிய மன்னர் காலத்தில் வாழ்ந்தவன். அவனுடைய கல்லறை எவர் கையும் படாது கிடைத்தமையால், அவனும் அவன் குடும்பத்தாரும் வைத்தது வைத்தபடியே காணப்பட்டனர். ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளமே உள்ள அச்சிறு அறையின் சுவர் முழுவதும் சித்திரங்கள்.

அவ்வறையின் கிழக்குச் சுவரில் ஒரு வயல் காட்சியளிக்கின்றது. நீல நிற வாய்க்கால்கள் அதனைச் சூழ்ந்தோடுகின்றன. சென்னெஜெம் அரிவாளாற் கதிர் கொய்கின்றான். அவன் மனைவி இய்னெபெர்த்தி பின்னே சென்று கதிர்களைக் கூடையிற் சேர்க்கின்றாள். வேறோரிடத்தில் அவன் ஏர் பிடிக்க, அவள் விதை தூவுகின்றாள். இருவரும் சணல் போன்ற ஆளிச் செடியை வேரோடு பிடுங்குகின்றனர். கீழ்ப்பகுதியிலே பேரீச்சையும் காட்டத்தியும் கிளைப்பனையும் குலை தாங்கி வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழே செம்மலரும் நீலமலரும் நிரை நிரையாகப் பூத்துள்ளன. கிளைப்பனை என்பது யாழ்ப்பாணத்துப் பனைக்கு உறவானது. ஆயின் அடிமரம் இரண்டாகவும் நான்காகவும் கவர்விட்டு வளர்வது.

இதனைக் காண்போர், இது சென்னெஜெம் வாழ்ந்த நாளிற் செய்த கமத்தொழிலின் காட்சி என எண்ணக்கூடும். அவனோ கமக்காரன் அல்லன். மேலும், கமத்தொழில் செய்வோர் எவரும் அணியாத வெண்ணிறத் திருநாளாடையை அவனும் அவளும் அணிந்திருக்கின்றனர். இக்காட்சி இவ்வுலகத்தது அன்று. இயாரு வயல், அதாவது நாணல் வயல் என எகிப்தியர் அழைத்த மறுவுலகத்து நிலம் அது. இறந்தோர்க்குத் துணையாக எழுதி வைக்கப்பட்ட மந்திரத் தொகுதியாகிய இறந்தோர் நூல் இந்நிலத்தை வருணிக்கின்றது. அங்கே வாற்கோதுமை ஐந்து முழ உயரம் வளரும். அதிற் கதிர் மட்டும் இரண்டு முழம். எகிப்திய முழம் ஏறக்குறைய 52 சதமமீற்றர் ஆதலின், அங்கு விளையும் பயிர் மனிதனைக் காட்டிலும் உயர்ந்தது. பஞ்சமும் பூச்சியும் வெள்ளக் குறைவும் அறியாத விளைச்சல் அது.

இதனோடு சேர்த்து எண்ணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சென்னெஜெம் வாழ்ந்த ஊரில் தண்ணீர் இல்லை. பாறைகள் சூழ்ந்த வறண்ட பள்ளத்தாக்கில் அமைந்த அவ்வூருக்கு, நதிக்கரையிலிருந்து நாடோறும் நீர் சுமந்து வரப்பட்டது. அளந்து கொடுக்கப்பட்ட நீரைக் குடித்து, மணலையும் பாறையையும் பார்த்து வாழ்ந்த தொழிலாளன் தன் கல்லறைச் சுவரிலே வாய்க்காலை ஓடவிட்டான். அதன் கரையிலே மரங்களை நட்டான். அதே ஊரைச் சேர்ந்த பசேது என்பவனின் கல்லறையிலும் ஒரு சித்திரம் உண்டு. குலை தொங்கும் மரமொன்றின் அடியில் அவன் மண்டியிட்டுக் குனிந்து நீர் பருகுகின்றான். இச்சித்திரங்களின் உட்பொருளை அறிய ஏட்டறிவு வேண்டும். ஆயினும் அவற்றின் அடிப்படையிலுள்ள வேட்கையை அறியத் தாகம் ஒன்றே போதும்.

இனி, தனித்தனிச் செடிகளை நோக்கலாம். எகிப்தியக் கலையில் மிகுதியாகக் காணப்படும் மலரை ஐரோப்பியர் லோட்டஸ் என எழுதினர். அச்சொல்லைக் கண்டோர் தமிழிலே தாமரை எனப் பெயர்த்துக்கொண்டனர். இங்கேதான் பொருள் தவறத் தொடங்குகின்றது. தாமரை எகிப்துக்கு வந்தது பாரசீகர் அந்நாட்டை ஆண்ட காலத்திலாகும். தீப்ஸ் நகரத்துப் புகழ்பெற்ற கல்லறைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றிலே காணப்படுவது அல்லி இனத்து மலர், அதுவும் இருவகைப்படும். ஒன்று வெள்ளல்லி, அதன் இதழ் நுனி உருண்டது. மற்றையது நீல அல்லி. இதழ் கூர்மையானது, மணம் மிக்கது. இந்நீல அல்லிக்கு மிக நெருங்கிய உறவான மலர் இலங்கைக் குளங்களிலும் உண்டு. சிங்களத்தில் நில் மானெல் என்றும் தமிழில் நீலோற்பலம் என்றும் வழங்குவதும், 1986 ஆம் ஆண்டில் இந்நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டதுமாகிய மலரே அது.

பெயர் எதுவாயின் என்ன என்று கேட்கலாம். பெயர் மாறினால் மலரின் இயல்பு மாறிவிடும். இயல்பு மாறினால் அதன் குறிப்பும் மாறிவிடும். தமிழ் மரபிலே தாமரை கதிரவனுக்கு உரியது. அல்லி திங்களுக்கு உரியது. அல்லி என்றவுடன் தமிழர் மனத்தில் இரவு தோன்றும். எகிப்தின் வெள்ளல்லி உண்மையில் இரவில் மலர்வதுதான். நீல அல்லியோ வைகறையில் இதழ் விரித்துப் பிற்பகலிற் குவிந்துவிடும். மறுநாட் காலையில் மீண்டும் விரியும். கரிய நீர்ப்பரப்பிலிருந்து எழுந்து, ஞாயிறு தோன்றும் வேளையில் நீல இதழ் விரித்து, நடுவே பொன்னிறத் தாதைக் காட்டும் இம்மலரிலே எகிப்தியர் படைப்பின் முதற் காலையையே கண்டனர். ஆதியில் எங்கும் இருளும் நீருமே இருந்தன. அந்நீரிலிருந்து ஓர் அல்லி எழுந்தது. அது விரியவே அதனுள்ளிருந்து ஞாயிற்றுக் கடவுள் வெளிப்பட்டார் என்பது அவர்களது புராணங்களுள் ஒன்று.

அன்றைக்கு நிகழ்ந்தது நாடோறும் நிகழ்கின்றது; இறந்தவனுக்கும் நிகழவேண்டும் என்பதே அவர்களது வேண்டுதல். இறந்தோர் நூலின் 81 ஆம் பகுதி, இறந்தவன் அல்லியாக மாறுதற்குரிய மந்திரமாகும். பிரித்தானிய நூதனசாலையிலுள்ள ஆனி என்பவனின் ஏட்டில் இப்பகுதிக்கு எழுதப்பட்ட சித்திரத்திலே, அலர்ந்த மலரினின்றும் ஒரு மனிதத் தலை வெளிப்படுகின்றது. தூத்தங்காமுன் மன்னனின் கல்லறையிற் கிடைத்த மரச்சிற்பம் ஒன்றும் இதனையே காட்டுகின்றது. குழந்தை முகத்தோடு கூடிய அவ்வரசனின் தலை, நீல அல்லி மலரின் மீது எழுந்து நிற்கின்றது. இதனைத் தாமரை எனக் கொண்டு, தாமரைக்கு இந்திய நாட்டார் தந்த பொருளை இதன்மீது ஏற்றுவோர், எகிப்தியர் குளக்கரையில் நின்று காலைதோறும் கண்ட காட்சியை இழந்துவிடுகின்றனர்.

விருந்துக் காட்சிகளிலும் இம்மலரே வருகின்றது. தீப்ஸ் நகரத்து நக்த் என்பவனின் கல்லறையிலே, நெற்றிமேல் மலர் தாழ அமர்ந்திருக்கும் மகளிர் மலரையும் கனியையும் ஒருவர்க்கொருவர் நீட்டுகின்றனர். குருடனாகிய யாழ் வல்லோன் ஒருவன் யாழ் மீட்டுகின்றான். இத்தகைய காட்சிகளில் மலரை மூக்கருகே ஏந்துதல் அடிக்கடி காணப்படும். மணத்தை நுகர்தல் என்னும் இயல்பான செயலே இது. ஆயினும் எகிப்தியக் கோயிற் சிற்பங்களில், கடவுளர் உயிரைக் குறிக்கும் அங்க் என்னும் அடையாளத்தை அரசனின் மூக்கருகே நீட்டுவதும் உண்டு. உயிர்மூச்சுப் புகும் வாயில் மூக்கு அல்லவா? மேலும், அங்க் என்னும் அதே ஒலியுடைய சொல் எகிப்திய மொழியில் மலர்ச்செண்டையும் குறிக்கும். எனவே இறந்தவனுக்கு மகனொருவன் செண்டை நீட்டும்போது, எகிப்தியர் செவியில் அவன் உயிரையே நீட்டுகின்றான் என்பதும் ஒலித்திருக்கும். தமிழ்ப் புலவர் சிலேடையிற் காட்டிய நயத்தை எகிப்தியர் சித்திரத்திலே காட்டினர் எனலாம்.

அல்லிக்கு அடுத்துக் கூறத்தக்கது பாப்பிரஸ். பாய் இழைக்கும் கோரையின் இனத்தது இச்செடி. ஆனால் ஆளைவிட உயர்ந்து வளர்வது. இதன் தண்டினைக் கீறி ஒட்டியே எகிப்தியர் எழுதும் ஏடு செய்தனர். எகிப்திய எழுத்தில் பாப்பிரஸ் தண்டின் வடிவம் பசுமை, இளமை, செழிப்பு என்னும் பொருள் தரும். ஆகவே பச்சைக் கல்லிலே சிறிய பாப்பிரஸ் வடிவஞ் செய்து இறந்தவரின் கழுத்தில் வைத்தனர். உடல் உலர்ந்தாலும் உயிர் பசுமை குன்றாதிருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. சேற்று நிலத்திற் காடுபோல் வளர்ந்து, பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் பாப்பிரஸ் புதர். கணவனும் மனைவியும் மகளும் சிறு தோணியில் நின்று அப்புதரிற் பறவை வேட்டையாடுவதாகக் கல்லறைகளில் எழுதப்பட்ட காட்சி வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று. உயிர் பெருகும் இடத்திற்கு இறந்தவன் மீண்டும் செல்கின்றான் என்பதையும் அது காட்டும் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இத்துணைப் பெருகிய அச்செடி, 19 ஆம் நூற்றாண்டளவில் எகிப்திய மண்ணிலே காண்பதற்கரியதாயிற்று. சுவர்களில் மட்டும் அது வாடாது நின்றது.

மலரும் புல்லும் இவ்வாறாக, மரங்களுள் முதன்மை பெற்றது காட்டத்தி. விவிலியத்திலே, குள்ளனாகிய சகேயு இயேசு நாதரைக் காணுதற்பொருட்டு ஏறியதாகச் சொல்லப்படும் மரம் இதுவே. அத்தியைப் போலவே இதன் அடிமரத்திலும் கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய் தோன்றும்; வெட்டினாற் பால் வடியும். நிழல் அடர்ந்தது, பாலையின் ஓரத்திலும் நிலைத்து நிற்பது. வெயிலிற் களைத்து வந்தவனுக்கு நிழலும் கனியும் தருவதாலும், பால் சுரப்பதாலும், எகிப்தியர் இம்மரத்திலே தாயைக் கண்டனர். ஹாத்தோர், நூத் ஆகிய பெண் தெய்வங்கள் இம்மரத்தில் உறைவதாக நம்பினர்.

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் நெபாமுன் என்பவனின் கல்லறைச் சித்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன. அவன் கி. மு. 1350 ஆம் ஆண்டளவில், அமுன் கடவுளின் கோயிற் களஞ்சியத்திலே தானியக் கணக்கு எழுதியவன். சித்திரங்கள் சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டு 1821 ஆம் ஆண்டில் இலண்டனை அடைந்தன. ஆயின் அவற்றைத் தாங்கியிருந்த கல்லறை எங்கேயுள்ளது என்பது இன்று எவர்க்கும் தெரியாது. அவற்றுள் ஒன்று ஒரு தோட்டம். நடுவே குளம் மேலிருந்து பார்ப்பதுபோல் நாற்சதுரமாக விளங்குகின்றது. நாற்புறத்து மரங்களோ பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் எழுதப்பட்டுள்ளன. கண்ணுக்குத் தோன்றும் தோற்றத்தைக் காட்டிலும், ஒவ்வொன்றும் குறைவின்றி முழுமையாக இருத்தலே ஓவியனுக்கு வேண்டியதாயிற்று. பாதி மறைந்த மரம் பாதி நிழலையும் பாதிக் கனியையுமே இறந்தவனுக்குத் தரும் அல்லவா? தோட்டத்தின் ஒரு மூலையிலே, மரத்திலிருந்து தெய்வமகள் ஒருத்தி வெளிப்பட்டுக் கனியும் பானமும் ஏந்தி நிற்கின்றாள். அவள் மேனியை முதலிற் சிவப்பாகத் தீட்டிய ஓவியன், தவறுணர்ந்து, பெண் தெய்வத்திற்குரிய மஞ்சள் நிறத்தை அதன்மேற் பூசியிருக்கின்றான். எதிர்ப்புறத்திலே நிற்கும் காட்டத்தி மரமொன்று நெபாமுனைத் தோட்டத்தின் உரிமையாளன் என விளித்து வரவேற்கின்றது. அதன் சொற்கள் அருகே எழுத்தில் உள்ளன.

மூன்றாம் தூத்மோஸ் மன்னனின் கல்லறையில் இக்கருத்து இன்னும் வெளிப்படையாக வருகின்றது. அங்குள்ள தூண் ஒன்றிலே, மரத்தினின்றும் ஒரு கையும் ஒரு கொங்கையும் நீண்டு அரசனுக்குப் பாலூட்டுகின்றன. அவன் தாய் இசிஸ் பாலூட்டுகின்றாள் என்பது அருகிலுள்ள எழுத்து. இசிஸ் தெய்வத்தின் பெயர். அரசனைப் பெற்ற தாயின் பெயரும் அதுவே. பெற்றவள், தெய்வம், மரம் என்னும் மூன்றும் சில கோடுகளில் ஒன்றாயின. சவப்பெட்டிகள் பல காட்டத்தி மரத்தாலேயே செய்யப்பட்டன என்பதும், பெட்டியின் மூடியின் உட்புறத்திலே வான் தெய்வமாகிய நூத்தின் உருவம் எழுதப்பட்டதுண்டு என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கன. பெட்டியில் வைக்கப்பட்டவன் தாயின் வயிற்றுக்கே திரும்பினான் என அவர்கள் எண்ணினர்.

திராட்சைக்கும் இவ்வரிசையில் இடமுண்டு. தீப்ஸ் நகரத்தின் தலைவனாக விளங்கிய சென்னெபெர் என்பவனின் கல்லறையிலே, பாறையின் மேடு பள்ளங்களை ஓவியன் சமன்செய்யாது விட்டு, கூரை முழுவதும் திராட்சைக் கொடியைப் படரவிட்டான். உள்ளே நிற்போர்க்குக் குலைகள் தலைக்கு மேலே உண்மையாகவே தொங்குவதுபோல் தோன்றும். நதி பெருகும் பருவத்திலே பழுப்பது திராட்சை. இறந்து உயிர்த்த ஒசிரிஸ் கடவுளோடு தொடர்புடையது அதன் மது. ஆதலால் அக்கொடியின் நிழலும் மறுபிறப்பின் நிழலேயாகும்.

ஒசிரிஸின் கதை தானியத்தோடு இன்னும் நெருங்கியது. தம்பியாற் கொல்லப்பட்டு மீண்டும் எழுந்த அக்கடவுளின் முகத்தைப் பச்சை நிறத்திலோ கரிய நிறத்திலோ தீட்டுவது வழக்கம். ஒன்று பயிரின் நிறம். மற்றையது வண்டலின் நிறம். விதை மண்ணிற் புதைவதும் முளைத்து வருவதும் அவர் வாழ்வின் சுருக்கமாயின. இதனைச் சித்திரமாக எழுதியதோடு நில்லாது, செயலாகவும் செய்து காட்டினர். ஒசிரிஸின் வடிவமாக மரச்சட்டம் ஒன்று செய்து, அதனுள்ளே நைலின் வண்டலை நிரப்பி, வாற்கோதுமையை விதைத்து, நீர் விட்டனர். முளை வந்தபின் அதனைத் துணியாற் சுற்றிக் கல்லறையிலே வைத்தனர். 1905 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட யூயா, தூயா என்போரின் கல்லறையிலும், 1922 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட தூத்தங்காமுன் கல்லறையிலும் இத்தகைய முளைப்படுக்கைகள் கிடைத்தன. கல்லறையிற் கிடைத்த தானியத்தை இக்காலத்தில் விதைத்தால் முளைக்கும் என்றொரு கதை உலகெங்கும் பரவியதுண்டு. அது உண்மையன்று, அத்துணைக் காலம் எவ்வித்தும் அவ்விடத்தில் உயிர் தாங்குவதில்லை. எகிப்தியரும் அதனை எதிர்பார்த்து வித்து வைக்கவில்லை. முளைத்து முடிந்த முளையே அவர்களுக்கு வேண்டியிருந்தது. இறந்தது எழும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

சித்திரத்திலும் சிற்பத்திலும் கண்ட மலர்களை மெய்ம்மலர்களும் உறுதிப்படுத்துகின்றன. 1881 ஆம் ஆண்டில் தெய்ர் எல்-பஹ்ரி என்னுமிடத்துப் பாறை இடுக்கிலிருந்து அரசர் பலரின் பதனிட்ட உடல்கள் வெளிக்கொணரப்பட்டபோது, சிலவற்றின் மீது மலர்மாலைகள் சாத்தப்பட்டிருந்தன. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்வைன்பூர்த் அவற்றை நீரில் ஊறவைத்து விரித்து, இன்ன இன்ன செடிகள் எனக் கண்டறிந்தார். பின்னர், தூத்தங்காமுனின் பொற்சவப்பெட்டிகளைத் திறந்த ஹவார்ட் கார்ட்டர், வெளிப்பெட்டியில் அரசனின் நெற்றியிலுள்ள கழுகையும் நாகத்தையும் சுற்றி ஒரு சிறு மலர்வளையம் சூட்டப்பட்டிருக்கக் கண்டார். பொன்னும் மணியும் குவிந்த அக்கல்லறையிலே அவர் மனத்தை மிகவும் நெகிழ்வித்தது அச்சிறு வளையமே. ஒலிவ இலையும், நீல அல்லியின் இதழும், நீலப் பூங்கொத்துகளும் அதிலே தொடுக்கப்பட்டிருந்தன. உட்பெட்டியின் மார்பில் கனிகளும் இலைகளும் சேர்த்துத் தைத்த அகன்ற மாலை ஒன்று கிடந்தது. அதிற் கண்ட மலரும் கனியும் எப்பருவத்தன என ஆராய்ந்து, அரசனின் அடக்கம் மார்ச்சு நடுப்பகுதிக்கும் ஏப்பிரில் இறுதிக்கும் இடையே நிகழ்ந்திருக்கவேண்டும் என அறிஞர் கணித்தனர். மன்னன் இறந்த நாளைக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. அவன் அடக்கத்தின் பருவத்தைப் பூ சொல்லிற்று.

இத்துணையும் கூறியபின், எச்சரிக்கை ஒன்றும் கூறுதல் வேண்டும். குறியீடு காணப் புகுந்தோர் சிலர், செடிக்கொரு பொருளென அகராதி வகுத்துவிடுவர். மஞ்சட் கனியொன்றை மகளிர் ஏந்தக் கண்டவுடன், அது காதலைத் தூண்டும் மாந்திரேக் என்னும் கனியென்று கொண்டு, விருந்துக் காட்சி முழுவதையும் காமக் குறிப்பாகவே விளக்கியோர் உண்டு. அக்கனிகளுட் பல பேர்சியா என்னும் மரத்தின் கனியாகவும் இருக்கலாம் என வேறு சிலர் காட்டினர். மகிழ மரத்தின் இனத்தைச் சேர்ந்ததும், தெய்வங்கள் அரசனின் பெயரைத் தன் இலைகளிற் பொறிக்கப் பெற்றதுமாகிய தூய மரம் அது. சுவரிலுள்ள கனியின் வடிவம் இரண்டுக்கும் பொருந்துமாயின், அதன்மீது கட்டிய விளக்கம் எவ்வளவு உறுதியானதாக இருத்தல் கூடும்? செடியின் பெயரைச் சரியாக அறிதல், அதன் இயல்பை நோக்குதல், சித்திரத்தில் அது நிற்கும் இடத்தையும் ஏந்துவோரையும் காணுதல், அருகிலுள்ள எழுத்தைப் படித்தல், மெய்யாகக் கிடைத்த செடிகளோடு ஒப்பிடுதல் என்னும் ஐந்தும் ஒருமித்துச் செல்லும்போதே குறியீடு பற்றிய கூற்று நிலைபெறும்.

மேலும், ஒரு சித்திரத்திற்கு ஒரு பொருளே இருக்கவேண்டும் என்னும் நியதியும் இல்லை. நெபாமுனின் தோட்டம் அவன் வாழ்ந்த நாளில் நிழலுக்கு ஒதுங்கிய தோட்டமாகவும் இருக்கலாம். மறுவுலகத்துச் சோலையாகவும் இருக்கலாம். மலரின் மணம் மணமாகவும் இருந்தது; உயிர்மூச்சாகவும் இருந்தது. எகிப்தியர் இவ்வுலக இன்பத்தையும் மறுவுலக நம்பிக்கையையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து வைக்கவில்லை. தாம் விரும்பிய பொருள்களைக் கொண்டே தம் நம்பிக்கையைச் சொன்னார்கள். மறுவுலகம் எப்படியிருக்கும் என எண்ணியபோது, அவர்கள் காணாத பொன்னுலகம் ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. வாய்க்காலும் வயலும் அத்திநிழலும் உள்ள தம் சொந்த நாட்டையே, பஞ்சத்தையும் சாவையும் மட்டும் நீக்கிவிட்டு, மீண்டும் எழுதிக்கொண்டனர்.

இதனை அறிந்தபின், எகிப்தியர் சாவையே விரும்பிய மக்கள் என்னுங் கூற்று நிற்கமாட்டாது. வாழ்வை அத்துணை விரும்பியமையினாலேயே அதனை விட்டுச் செல்ல அவர்கள் உடன்படவில்லை. தண்ணீரற்ற ஊரில் வாழ்ந்து, அரசர்க்கெனப் பாறைகளைக் குடைந்து, ஓய்வு கிடைத்த நாளிலே தனக்கென ஒரு சிறு அறையைத் தேடிக்கொண்டான் சென்னெஜெம். அதன் சுவரிலே நீல வாய்க்கால்கள் இன்றும் வற்றவில்லை. அவற்றின் கரையிலே அவன் கதிர் கொய்கின்றான். அவன் மனைவி கூடை ஏந்திப் பின்செல்கின்றாள். மரங்கள் குலை தாங்கி நிற்கின்றன.